நாக்கில் ஒரு ரூபாய்

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள்
நாக்கின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு
ஒட்டிக்கொண்டது.
துப்பினேன், கொப்பளித்தேன்,
நார்த்தங்காய் ஊறுகாயை விரலால் தேய்த்தேன்.
போகவில்லை.
இருபத்திரண்டு வருஷம் தோல்பையில் கிடந்தது
வாய்க்கு ஏறிவிட்டது என்றேன்.
தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை.
“டாக்டர்ட்ட சொன்னியளா?”

சொல்ல வேண்டியது அதுவல்ல.

காலை ஐந்தே முக்கால் வண்டி,
சந்திப்பிலிருந்து பாபநாசம்.
மேலச்செவல் வரை வயிறு வாய் திறக்காது.
பத்தமடை நெருங்கையில்
உள்ளே யாரோ விசில் அடிப்பார்கள்,
இரண்டு.
எனக்குத் தெரிந்த பாஷைதான்: போகலாம்.
எங்கே போவது?

யார் எங்கே ஏறுவார்,
யாருக்குப் பழைய பாஸ்,
யார் வீட்டுப் பையனுக்கு மூன்று வருஷமாய்
ஐந்து வயசே ஆகவில்லை,
எல்லாம் அறிந்த தடம் இது.
இப்போது அதன் மேலேயே வேறொரு தடம்:
சேரன்மகாதேவி நிலையத்தில் ஐந்து ரூபாய், தாழ்ப்பாள் கிடையாது.
வீரவநல்லூர் பெட்ரோல் பங்கில் சாவி மேலாளரிடம்,
மேலாளர் எட்டரைக்குத்தான் வருவார்.
கல்லிடையில் வாய்க்கால் உண்டு,
விடிந்துவிட்டால் அதுவும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில்
எதுவரையும் தாங்காது என்று தெரிந்துபோனது.
கம்பியைப் பிடித்து நின்றேன்.
எட்டு ரூபாய் கேட்ட கிழவருக்கு
ஐம்பதைக் கொடுத்தேன்.
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த ஞானதிரவியம்
ஒன்றும் கேட்காமல்
வாழைத்தோட்டத்து ஓரமாய் வண்டியை ஒடித்து நிறுத்தினான்.
“டயர்ல காத்து கம்மியா இருக்கு.
ரெண்டு நிமிசம் பொறுத்துக்கிடுங்க.”
இறங்கி ஒவ்வொரு டயராய்
ஸ்பேனரால் தட்டிக்கொண்டே நடந்தான்,
நனைந்துகொண்டு.
படியோரம் அவனுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது.

கழுத்தில் டிக்கெட் மிஷின் தொங்க
வாழைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.
பதினோரு நிமிஷம்.
யாரும் கடிகாரம் பார்க்கவில்லை
என்று சொல்ல ஆசைதான்.
பார்த்தார்கள்.
ஒரு வாத்தியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து மாத்திரையை
சட்டைப் பையில் போட்டு
வாசலைத் தாண்டியதும் சாக்கடையில் விட்டேன்.
வயிறு அடங்கியது. காசும் கரைந்தது.
ஒன்பதாம் நாள் தாகம்;
பன்னிரண்டாம் நாள்
டிக்கெட் மிஷினில் எழுத்து இரண்டிரண்டாய்த் தெரிந்தது.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. முந்நூற்றுப் பதினெட்டு.
சின்ன வயசு டாக்டர், பெயர் ஜொகராள்.
திட்டப்போகிறார் என்று இருந்தேன்.
“என்ன வேலை பாக்குறீங்க?” என்றார்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
கண்டக்டர் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

அளவைக் குறைத்தார். ஆளை மாற்றினார்:
மெல்லக் கரையும் வகை,
ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு.

அடுத்த வாரம் ஒரு காலை
கக்கூசில் பார்க்கிறேன்,
போட்ட மாத்திரை போட்டபடி கிடக்கிறது,
வெள்ளையாய், முழுசாய்.
சர்க்கார் மருந்தும் என்னைக் கைவிட்டதா?
அதுவரை வாய் திறக்காதவன்
டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்,
வாழைத்தோட்டம் உட்பட.

“மருந்தெல்லாம் உள்ள இறங்கிடுச்சு.
வெறும் கூடுதான் வெளிய வருது.”

அட.
கடைசி நடை முடிந்து
ஆளெல்லாம் இறங்கிய பின்
விளக்கணைத்து டிப்போவுக்குப் போகும்
எங்கள் வண்டி மாதிரி.
இதை முதல் சீட்டிலேயே
எழுதித் தந்திருக்கலாம்.

இப்போது நூற்று அறுபத்தி நாலு.
காசு திரும்பி வந்து நாக்கிலேயே இருக்கிறது,
தேய்ந்த காசு, பழகிவிட்டது.
வயிறு சில நாள் மட்டும் முணுமுணுக்கும்.
பத்தமடை தாண்டும்போது
ஞானதிரவியம் கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பான்.
நான் விசில் அடிப்பேன்,
இரண்டு.